சொன்னால்தான் சாப்பிடுவார்

கோர்ட்டிலிருந்து முதல் சம்மன் வந்ததும் என் வீட்டுக் கதவைத் தட்டுகிற இளைய மனநல மருத்துவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மேடம், வக்கீல் மடக்கினால் என்ன செய்வது?" மடக்கினால் மடங்க வேண்டியதுதான், வேறென்ன என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவேன். அவர்கள் போன பிறகு மனசு கேட்காது. அறிக்கை எழுதும் முறையெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒரு வழக்கை இங்கே சொல்கிறேன். படித்துவிட்டு நிம்மதியாகக் கோர்ட்டுப் படியேறுங்கள்.

ஒருவர் இன்னொருவருடைய மனசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கைக்குள் கொண்டுவந்துவிடுவதற்கு இன்றைக்கு உங்களிடம் பெயர் இருக்கிறது. அதற்குக் கருத்தரங்கு நடத்துகிறீர்கள், மதியம் பிரியாணியும் போடுகிறார்கள். நான் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வேலை பார்த்த எண்பதுகளின் கடைசியில் அந்தப் பெயர் எங்கள் காதுக்கு வந்து சேரவில்லை. காயம் இருந்தால் கொடுமை, காயம் இல்லாவிட்டால் குடும்பம். அவ்வளவுதான் கணக்கு.

பாம்பனில் ரோட்டுப் பாலம் வந்த புதிது. ஒரு நாள் காலையில் பெண் போலீஸ் ஒருவர் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில் இருக்கிற ஒரு மீனவக் கிராமத்துக் கத்தோலிக்கப் பெண். அவள் பெயரை மாற்றி அமலி என்று வைத்துக்கொள்கிறேன். இருபத்தைந்து வயசுக்கு மேல் இருக்காது. வார்டில் வைத்துக் கவனித்து அறிக்கை தரச் சொல்லி நீதிமன்ற உத்தரவு.

வழக்கு இதுதான். கரையில் ஏற்றி வைத்திருந்த அவள் கணவரின் வள்ளம் வலைகளோடு எரிந்துபோய்விட்டது. மனைவிதான் கொளுத்தினாள் என்று கணவரே அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் போலீஸில் ஒப்படைத்தார். அவளும் மாஜிஸ்திரேட் முன்னால் "நான்தான் செஞ்சேன்" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டாள். அவள் தீ வைத்ததைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. அந்த ஒப்புதல் ஒன்றுதான் வழக்கு. நிரூபணமானால் வருடக்கணக்கில் சிறை. ஐந்து வயசு மகள் ஒருத்தி, கணவர் வீட்டில் இருந்தாள்.

இலவச சட்ட உதவியில் அவளுக்காக அமர்த்தப்பட்ட வக்கீல் மீசை சரியாக முளைக்காத பையன். என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, "மேடம், ஒரே வழிதான் இருக்கு. பைத்தியம்னு எழுதிக் குடுத்துருங்க. தண்டனை கெடையாது" என்றார்.

"அப்புறம் எங்கே போவாள்?"

"மனநல ஆஸ்பத்திரிக்கு."

"அங்கிருந்து எப்போது வருவாள்? பிள்ளையை அவளிடம் யார் கொடுப்பார்கள்?"

"அதெல்லாம் பெறகு பாக்கலாம் மேடம்" என்றார். பெறகு பார்த்து உருப்பட்ட காரியம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், கணவர் கேட்டதும் அதையேதான். அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன், பார்க்க அவ்வளவு மரியாதையான மனிதர். வெள்ளை வேட்டி, கழுத்தில் செபமாலை, அதிர்ந்து பேசாத குரல். "வள்ளம் போனாப் போகுதும்மா. அவள நான் மன்னிச்சுட்டேன். மனசு சரியில்லாமச் செஞ்சுட்டான்னு ஒரு வார்த்த எழுதிக் குடுங்க, போதும்." பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மூன்று வேளையும் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்தார். அவள் கூந்தலைத் தானே சீவிவிட்டார். எங்கள் வார்டு நர்ஸ் உருகிப்போனார். "வள்ளத்தக் கொளுத்துனவளுக்கு மீன்கொழம்பு! இப்புடிப் புருசன் கெடைக்க என்ன தவம் பண்ணாளோ" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. நான் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் அமலி முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள். பேர் என்ன என்று கேட்டதற்குக்கூட.

மதுரையில் நான் படித்தபோது எங்களுக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். கறாரானவர், மூக்குப்பொடி போடுவார். அவர் சொல்லித் தந்ததில் இரண்டு எனக்குச் சாகிற வரைக்கும் மறக்காது. ஒன்று: "கூட வந்த ஆளை முதலில் டீ குடிக்க அனுப்பு. போக மாட்டேன் என்றால் அவனையும் சேர்த்துக் கவனி." இரண்டு: "எதற்கெடுத்தாலும் ஆமாம் சொல்கிறவர்களிடம், ஆமாம் சொல்லவே முடியாத ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்."

கணவரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். "நான் டீ குடிக்கிறதில்லம்மா" என்றார். காப்பி? அதுவும் இல்லை. சரி, இந்த மாத்திரை இங்கே இல்லை, கடைத்தெருவில் வாங்கி வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். நான் இரண்டாவது கேள்விக்குப் போவதற்குள் மூச்சு வாங்க ஓடிவந்து நின்றார். மறுநாள் முதல், கோர்ட் அனுப்பிய ஆட்களைச் சொந்தக்காரர்கள் பார்க்கக்கூடாது என்று ஒரு விதி எங்கள் வார்டில் முளைத்தது. அதை இயற்றியது நான்தான்.

அவர் வராமல் போனதும் அமலி தெளிவாள் என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. சாப்பாட்டைத் தொடவில்லை. தட்டை வைத்துக்கொண்டு எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்தே இருந்தாள். நர்ஸ் என்னை முறைத்தார். தப்புப் பண்ணுகிறோமோ, ஒரு நல்ல மனிதனைப் பிரித்து வைத்து இவளைக் கொல்கிறோமோ என்று எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. இந்தப் பயம் உங்களுக்கும் வரும். வந்தால் பயப்படுங்கள், ஆனால் உடனே கதவைத் திறந்துவிடாதீர்கள்.

அடுத்த நாள் மதியம் அவள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டீகளா? கேட்டுட்டீகன்னா நான் சாப்புட்டுருவேன்" என்றாளாம். அதுவரை என்னை முறைத்த நர்ஸ் ஓட்டமாக ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார்.

நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேராசிரியரின் கேள்வியைக் கேட்டேன். "அமலி, இன்றைக்குக் காலையில் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டதாம். யாரால் என்று உனக்குத் தெரியுமா?" அப்படி எதுவும் நடக்கவில்லை. அவளோ வார்டை விட்டு வெளியே கால் வைத்ததில்லை.

அவள் யோசித்தாள். சட்டென்று முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் டாக்டரம்மா. காலையில பஸ்ஸ நெனச்சேன். ஏறி ஊருக்குப் போயி மகளப் பாக்கணும்னு நெனச்சேன்."

பஸ் எதுவும் இடிக்கவில்லை, நான் சும்மா கேட்டேன் என்று உடனே சொன்னேன். அவள் நம்பவில்லை. ஆனால் கேட்டாகிவிட்டது அல்லவா, சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே சொல்லவும் ஆரம்பித்தாள்.

கத்தோலிக்கர்களிடம் பாவசங்கீர்த்தனம் என்று ஒரு வழக்கம் உண்டு. கான்வென்ட்டில் படித்ததால் எனக்கு அது தெரியும். கோயிலில் சாமியாரிடம் மண்டியிட்டுச் செய்த பாவங்களைச் சொல்லி, அவர் கொடுக்கிற அபராதத்தைச் செய்து மன்னிப்புப் பெறுவது. அதற்கு முன்னால் உட்கார்ந்து, என்ன தப்புச் செய்தோம் என்று நன்றாக யோசிக்க வேண்டும். அழுத மனசு லேசாகிப் போகிற நல்ல வழக்கம்தான். அந்த வழக்கத்தை இந்த மனிதர் கோயிலிலிருந்து தூக்கிவந்து தன் வீட்டு அடுப்படியில் வைத்துக்கொண்டார்.

"வள்ளம் கரை சேந்ததும் நான் மண்டி போட்டு இருக்கணும் டாக்டரம்மா. 'நான் கடல்ல கெடக்கையில நீ என்ன நெனச்ச?'ன்னு கேப்பாக. மீன்பாடு இல்லாத அன்னைக்கு ரொம்ப நேரம் கேப்பாக. வைய மாட்டாக, கை நீட்ட மாட்டாக. சோத்த முன்னால வச்சுக்கிட்டுச் சும்மா ஒக்காந்துருப்பாக. நான் சொன்னாத்தான் சாப்புடுவாக. அவுக சாப்புட்டப் பெறகுதான் நான்."

"சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டால்?"

"அதெப்புடி இல்லாமப் போகும்? யோசிச்சா வரும்ல."

அபராதமும் உண்டு. முதலில் அடுத்த வீட்டுப் பெண்ணோடு பேசக்கூடாது. பிறகு கரைக்கு மீன் விற்கப் போகக்கூடாது. பிறகு ஆத்தா வீட்டுக்குப் போகக்கூடாது. கடைசியில் மகள் அவளோடு படுக்கக்கூடாது. கோயிலில் சாமியாரிடம் போய்ச் சொல்வதுண்டா என்று கேட்டேன். "எதுக்கு? அவுகளே எல்லாத்தையும் கேட்டுக்கிறாகளே" என்றாள்.

வள்ளம் எரிந்த அன்றைக்கு அவள் வீட்டுக்குப் பின்னால் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கணவர் அன்று கடலுக்குப் போவதாக இருந்தது. "இந்த வள்ளம் இல்லாட்டி இவுக போக மாட்டாக. போகாட்டி திரும்பி வர மாட்டாக. வராட்டி கேக்க மாட்டாகன்னு நெனச்சேன். செத்த நேரத்துல பொகை தெரிஞ்சிருச்சு." தீப்பெட்டி எங்கே எடுத்தாய், எந்தப் பக்கம் வைத்தாய் என்றால் அவளுக்குத் தெரியவில்லை. கணவர் ஓடிவந்தார், அக்கம்பக்கத்தில் எவரையும் விசாரிக்கவில்லை. அவளை மண்டியிடச் சொல்லி, என்ன நினைத்தாய் என்று கேட்டார். அவளும் சொன்னாள். "அப்ப நீதான்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விட்டார். அந்த மனிதர் உண்மையிலேயே நம்பினாரா, இல்லை நடித்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இன்றுவரை தெரியாது.

மாஜிஸ்திரேட் தன் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, யாருக்கும் பயப்படாதே, நன்றாக யோசித்துச் சொல் என்று எச்சரித்து, யோசிக்க அவகாசமும் கொடுத்திருக்கிறார். வேறு யாருக்கும் அது பாதுகாப்பு. அமலிக்கு அதுவே வினையாகிவிட்டது. பெரிய மனிதர் ஒருவர் எதிரே உட்கார்ந்து 'யோசித்துச் சொல்' என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு வருடக்கணக்கில் பழக்கியிருந்தார்கள். யோசித்தாள், வந்தது, சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம் அறிக்கையில் எழுதினேன். இவளுக்கு மனநோய் இல்லை. இவள் ஒப்புக்கொள்வதை நம்பவும் முடியாது. மனசில் நினைத்ததையே செய்துவிட்டதாக நம்பும்படி இவளைப் பழக்கியிருக்கிறார்கள். பஸ் கேள்வியையும் அவள் பதிலையும் அப்படியே எழுதினேன். வக்கீல் தம்பி படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "பைத்தியம்னு எழுதியிருந்தா கத முடிஞ்சிருக்கும் மேடம்." கருணைக்காகப் பொய் எழுதச் சொல்லி உங்களையும் கேட்பார்கள். எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதியிருந்தால், கணவர் அவளைப் பற்றி அதுவரை சொல்லிவந்ததற்கெல்லாம் நான் சர்க்கார் முத்திரை குத்திக் கொடுத்தவளாகியிருப்பேன்.

சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று நல்ல கோடை. தலைக்கு மேலே ஒரு பழைய மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அரசுத் தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். கோபப்படவே இல்லை.

"டாக்டர், இவங்க உடம்புல ஏதாவது காயம் உண்டா?"

"இல்லை."

"கணவர் அடிச்சதா, மெரட்டுனதா இவங்க சொன்னாங்களா?"

"இல்லை."

"இவங்க பைத்தியமா?"

"இல்லை."

"ஆக, யாரும் அடிக்காத, யாரும் மெரட்டாத, புத்தி சுவாதீனமுள்ள ஒரு பொண்ணு, மாஜிஸ்திரேட் முன்னால தானா ஒத்துக்கிட்டது பொய்யினு சொல்றீங்க. பஸ் கதை ஒண்ண வச்சு."

மன்றத்தில் சிரித்தார்கள். நம்ப முடியாது என்றுதான் சொல்கிறேன், பொய் என்று சொல்லவில்லை என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போது வக்கீல் தம்பி எழுந்து எனக்குக் கை கொடுக்கிறேன் பேர்வழி என்று, "அப்படின்னா கணவரே தீ வச்சிருக்கலாம் இல்லையா டாக்டர்?" என்று கேட்டார். சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. அந்த மனிதரோ பின் பெஞ்சில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் அவ்வளவு ஆத்திரம். ஆனால் அது எனக்குத் தெரியாத விஷயம். "யார் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல நான் வரவில்லை" என்றேன். தம்பி தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். கேஸ் கையை விட்டுப் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த நேரம் கரண்டு போனது. கடகடத்த மின்விசிறி மெல்ல நின்றது. எல்லோரும் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டார்கள். குற்றவாளிக் கூண்டிலிருந்து, "மன்னிச்சுக்கிருங்கய்யா, நான்தான்" என்று ஒரு குரல்.

நீதிபதி கையிலிருந்த பேப்பரை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்னம்மா சொன்ன?"

"காத்தாடி நின்னது என்னாலதான்யா. அது சத்தத்துல டாக்டரம்மா பேசுறது கேக்கல. நின்னாத் தேவலைன்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில், பின் பெஞ்சிலிருந்து கணவரின் தணிந்த குரல், பழக்கதோஷத்தில், வந்தது. "அம்புட்டுத்தானா? முழுசாச் சொல்லு."

அவ்வளவுதான், கூண்டுக்கு மேலே தெரிந்த அமலியின் தலையைக் காணவில்லை. நீதிபதி எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். உள்ளே அவள் கை கூப்பி மண்டியிட்டிருந்தாள். கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதி கணவரை வெளியே அனுப்பச் சொன்னார். "எந்திரிம்மா. இங்க யாரும் மண்டி போட வேண்டியதில்ல" என்றார். பெண் போலீஸ் அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினார். நீதிபதி என் பக்கம் திரும்பி, "டாக்டர், அந்த பஸ் விஷயத்தை முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றார். இந்த முறை என் குரல் எனக்குக் கேட்டது.

வாக்குமூலத்தை ஏற்க முடியாது, வேறு சாட்சியமும் இல்லை என்று அமலியை விடுதலை செய்தார்கள். கரண்டைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரி கிடையாது. என் அறிக்கையில் இருந்த பஸ் கேள்விதான் இருந்தது. இதைக் கவனியுங்கள். எல்லாக் கேஸிலும் உங்களுக்காகக் கரண்டு போகாது. போகிற அன்றைக்கும், நீங்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்தான் அது செல்லும்.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். அழுதேனா சிரித்தேனா என்று தெரியாது, அப்படி ஒரு நிம்மதி. வக்கீல் தம்பி இரண்டு வடை வாங்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அமலியின் ஆத்தாவும் அவர்கள் ஊர்க் கோயில் சாமியாரும் ஊர்ப் பெரியவர்களோடு போய்ப் பேசி மகளைக் கூட்டிவந்தார்கள். விஷயம் ஊரெல்லாம் தெரிந்த பிறகு கணவரால் மறுக்க முடியவில்லை. அமலி ஆத்தா வீட்டிலேயே தங்கிவிட்டாள். கொஞ்ச காலம் மாதம் ஒரு முறை என்னிடம் வந்தாள். அப்புறம் வருவது நின்றது. நம் தொழிலில் வராமல் போவதும் நல்ல சேதிதான்.

சில வருடங்கள் கழித்து, புறநோயாளிகள் நெரிசலில் ஒரு பெண் கூடையோடு நின்று சிரித்தாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. நன்றாகச் சதை போட்டிருந்தாள். பக்கத்தில் இரட்டைச் சடையோடு மகள். பெரியபட்டினம் சந்தையில் கருவாடு விற்றுவிட்டு வருகிறாளாம். எனக்கென்று வாழை இலையில் சுற்றி நெத்திலிக் கருவாடு கொண்டுவந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். சந்தையில் நடந்த ஒரு சண்டையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதியில் கரண்டு போய்விட்டது. மின்விசிறி நின்றது.

எனக்குத் திக்கென்றது. என்னை அறியாமல் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மேலே ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையை எடுத்துப் பட் பட்டென்று விசிறிக்கொண்டாள்.

"வெளங்காத பயலுக! இந்தக் கரண்டுக்காரனுகளுக்கு வேற வேலையே இல்ல டாக்டரம்மா. ஒரு மனுசி நிம்மதியா ஒக்காந்து பேச முடியுதா?" என்றாள்.

எத்தனையோ பேர் குணமானதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வசவு காதில் தேனாய்ப் பாய்ந்தது அன்றைக்குத்தான்.